அரை விரல் திருப்பம்

கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போக வருகிறவர்கள் பெட்டி கொண்டு வருவார்கள், பழம் கொண்டு வருவார்கள். திரைச்சீலை கொண்டு வருவார்களா? கண்ணாடிக்காரரின் மாமியார் கொண்டு வந்திருந்தார். அதுவும் ஏதோ கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு வந்ததல்ல. பின்னறை ஜன்னலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. மாட்டியதும் ஒரு சுருக்கமில்லாமல் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் தொங்கியது.

அளவு எப்படிக் கிடைத்தது என்று கண்ணாடிக்காரர் விசாரித்தார். மகள் போனில் சொன்னாளாம். அளவெடுத்துத் தைத்துக்கொண்டு வந்தவர் கொஞ்ச நாளில் திரும்பிப் போவாரா என்று அவருக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

தெருவில் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைவீதி முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?” என்று பகல் முழுக்கக் கேட்பது அவர் பிழைப்பு. வீட்டில் அப்படி எதையும் அவர் கேட்பதில்லை. அங்கே எல்லாவற்றையும் மனைவி ஏற்கெனவே தெளிவாக முடிவு செய்திருப்பாள்.

மிஞ்சியிருந்தது அந்தப் பின்னறை ஒன்றுதான். கடை விடுமுறை நாளில் அங்கே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காலை நீட்டினாரென்றால் தேநீர் நேரம்வரை அவர் ராஜா. கல்யாணமான மனிதனுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? இப்போது அந்தக் கட்டிலில் மாமியாரின் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ராஜாவுக்குக் கூடத்தில் பாய்.

மாமியார் வந்த அன்றே மனைவி அவரைச் சமையலறைக்குள் இழுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அப்பா போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாகக் கிடப்பது அவளுக்கு மனசே ஆறவில்லை. இங்கேயே இருந்துவிட்டால் நல்லது. ஆனால் மகள் கூப்பிட்டால் போதாதாம், மாப்பிள்ளை வாயால் ஒரு வார்த்தை வர வேண்டுமாம். கண்ணாடிக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து அதற்குள் எதையோ தேடினார். சொல்லலாம், அதற்கென்ன, சொல்லலாம் என்றார். குளிர்தான் அடித்தது, அவர் தேடியது கிடைக்கவில்லை.

அவர் கெட்ட மனிதரில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நல்ல கண்ணாடியாகப் பொறுக்கித் தானே போய் மாட்டிவிட்டு வந்தவர். போகச் சொல்ல அவருக்கு வாய் வராது. இருக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. மாமியாரே கிளம்பிப் போய்விட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்று நினைத்தார். அப்படி நினைத்தபோதுதான் சீரியல் ஞாபகம் வந்தது.

மாலை ஏழு மணிக்கு மாமியாருக்கு ஒரு சீரியல். கதாநாயகி நீதிபதி. கூண்டில் நிற்கிற குற்றவாளி அவள் சின்ன வயதில் தொலைத்த தம்பி. அது அவளுக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியும், மாதக்கணக்காகத் தெரியும். தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை. அந்த நேரத்தில் வீட்டில் கரண்டி விழுந்தால்கூட அது மெதுவாகத்தான் விழ வேண்டும். ஊரின் மறுகோடியில் இருக்கிற மகன் வீட்டில் சுவரளவுக்கு ஒரு டிவி உண்டு. இங்கே படம் நின்றுபோனால் மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போவதைத் தவிர வேறு வழி? பழியும் தன் மேல் விழாது, மாடியில் டிஷ்ஷைத் திருப்பிவிட்ட காற்றின் மேல் விழும்.

மனைவிக்குக் காலை டியூட்டி, மாமியார் குளியலறையில். அப்படி ஒரு பொழுது வாய்த்ததும் கண்ணாடிக்காரர் மொட்டை மாடிக்கு ஏறினார். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை, அதன் கூரைமேல் டிஷ். ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினார். கண்ணாடிச் சில்லில் நடுப்புள்ளி வைக்கிற சிவப்புப் பென்சில் சட்டைப் பையிலேயே இருந்தது. டிஷ் இருந்த இடத்துக்கு நேராகக் கம்பத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். மாமியார் போன மறுநாளே பழைய இடத்தில் நிறுத்திவிட வேண்டும் அல்லவா? பிறகு டிஷ்ஷை அரை விரல் அகலம் திருப்பினார். அவ்வளவுதான். சில்லு துளி பிசகினால் தலைவலி வருவது அவர் தொழிலில் பார்த்தது. டிகிரி வாங்காமல் படிப்பை நிறுத்திய மனிதர், அன்றைக்கு ஒரே திருகலில் இரண்டு டிகிரி வாங்கிவிட்டார்.

அன்று மாலை டிவியில் நீலம்தான் தெரிந்தது. சிக்னல் இல்லை என்று நடுவில் எழுத்து. கண்ணாடிக்காரர் கடைக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சோக முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். மனைவி மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள். அவர் விடவில்லை. போன தடவை அந்த ஆள் சுவரில் போட்ட ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் வந்ததைச் சொன்னார். கோணமும் வெளிச்சமும் தன் தொழில், தன்னிடம் இல்லாத எதை மெக்கானிக் கொண்டுவரப் போகிறான் என்று கேட்டார். காற்று கொஞ்சம் அடங்கட்டும், நானே பார்க்கிறேன் என்றார்.

மனைவி ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். மாத்திரையை விழுங்கினானா, நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவரையும் அப்படித்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சரி, நீங்களே பாருங்க என்று சொல்லிவிட்டாள். எதிர்ப்பேச்சு இல்லாமல் அவள் சரி என்றது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மாமியார் கோபப்படவில்லை, புலம்பவில்லை. டிவியைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

“டிவி இல்லாட்டி என்ன மாப்பிள்ளை. பேசிக்கிட்டிருப்போம்.”

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட பேச்சை வாழ்நாள் முழுக்க இணைத்துவிட்டு, தான் பேசாமல் இருந்தவர். சேர்த்துவைத்த அத்தனை பேச்சுக்கும் இப்போதுதான் லைன் கிடைத்தது. கண்ணாடிக்காரர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டார், யாரோடு சண்டை, ஏன் சண்டை, கடை ஆரம்பிக்க யோசனை சொன்னது யார் என்று வரிசையாகக் கேட்டார். சொன்னதை மறக்கவும் மாட்டார். முந்தின நாள் மாமா பையன் என்றவனை மறுநாள் அவர் சித்தப்பா பையன் என்று சொல்லிவிட்டார். “லைன் கிராஸ் ஆகுதே மாப்பிள்ளை” என்று மாமியார் நிறுத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

கடையை நேரம் கழித்துப் பூட்டிப் பார்த்தார். மாமியார் சாப்பிடாமல் காத்திருந்தார். தலைவலி என்று படுத்துப் பார்த்தார். மனைவி மாத்திரை கொண்டுவந்து, அவர் விழுங்கும்வரை எதிரில் நின்றாள். கூடத்தில் படுத்திருக்கிறவனுக்கு ஒளிய இடம் ஏது? காற்று இன்னும் அடங்கவில்லையா என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதும் அவரைக் குடைந்தது.

ஆனாலும் பொறுத்துக்கொண்டார். எப்படியும் ஓரிரு நாளில் மாமியாருக்கு அலுத்துவிடும், பெட்டி கட்டிவிடுவார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒரு காலையில் குளியலறையில் போயிற்று. வெளியே மாமியார் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் குரல், கதவு என்ன, சுவரே தடுக்காது.

“அங்கே டிவி இருக்கு, ஆளுங்க வாயைத் திறக்கறதில்ல. இங்கே டிவி இல்ல, மாப்பிள்ளை வாய் ஓயாம பேசறாரு. எனக்கு இதுதாண்டா பிடிச்சிருக்கு.”

சோப்பு கையிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை. மாமியாரைக் கிளப்புவதற்காக அவர் டிவியை நிறுத்தினார். டிவி நின்றதால்தான் மாமியார் நிற்கிறார். உடனே படம் வர வேண்டும். படம் வந்தால் மாமியார் படத்தைப் பார்ப்பார், தன்னைப் பார்க்க மாட்டார். பார்த்து முடித்தால் ஒருநாள் சுவரளவு டிவியின் ஞாபகமும் வரும்.

அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு ஸ்பேனரோடு மாடி ஏறினார். வானம் மேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது, காற்று நிஜமாகவே எழுந்திருந்தது. மழை வரும்போல இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாமே என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். இன்னொரு மாலையைப் பேச்சில் கழிக்க அவருக்குத் தெம்பில்லை. மனைவி ஏணியைப் பிடித்துக்கொள்ள, மாமியார் கீழே கூடத்து ஜன்னலோரம் டிவி முன்னால் உட்கார்ந்தார். படம் வருகிறதா இல்லையா என்று அங்கிருந்து குரல் கொடுப்பது அவர் வேலை.

கண்ணாடிக்காரர் நட்டைத் தளர்த்தி, டிஷ்ஷைத் தன் சிவப்புக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு நிமிஷ வேலை என்று நினைத்திருந்தார். கீழே பார்த்துக் கேட்டார்.

“வந்துச்சா அத்தை?”

“இல்ல மாப்பிள்ளை. மறுபடியும் முயற்சி பண்ணுங்க.”

கோட்டைக் குனிந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளினார். இல்லை என்றது குரல். வலப்பக்கம் தள்ளினார். இல்லை. மேலே தூக்கினார், கீழே சாய்த்தார். ஒவ்வொரு தடவையும், கிடைக்காத நம்பரைக் கேட்டவர்களிடம் ஒரு காலத்தில் சொன்ன அதே பொறுமையோடு மாமியார் மறுபடியும் முயற்சி பண்ணச் சொன்னார். இப்போது தெளிவா, முன்னாடி தெளிவா என்று கேட்டே காலம் தள்ளியவருக்கு, முன்னாடியும் இல்லை இப்போதும் இல்லை என்ற பதில் புதிதாக இருந்தது. கோடு இடம் மாறியதா? கம்பம் சாய்ந்ததா? ஆகாயத்தில் நிற்கிற செயற்கைக்கோளே வேறு இடம் பார்த்துப் போய்விட்டதா?

பதற்றத்தில் நட்டைத் தேவைக்கு மேல் திருகிவிட்டார். அது கழன்று விரலிடுக்கில் நழுவி, கூரையில் உருண்டு, விளிம்பைத் தாண்டி மறைந்தது. கம்பத்தைக் கவ்வியிருந்த பட்டை வாயைப் பிளந்தது. அதே நொடியில் ஒரு காற்று வந்து டிஷ்ஷுக்குள் புகுந்தது. விரித்த குடைபோல அது எழும்பப் பார்த்தது. கண்ணாடிக்காரர் ஸ்பேனரைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார்.

விட்டால் அது பறக்கும். பறந்தால் கீழே சந்தில் விழும். சந்தில் வேலை முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் காரின் பக்கத்தில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆவது? குந்தினாற்போல் உட்கார்ந்து, கம்பத்தைக் காலால் பின்னி, டிஷ்ஷை மார்போடு அணைத்துக்கொண்டார். முதல் தூறல் அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவருக்கு எதிரில் இருந்த தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை.

கீழேயிருந்து சீரியலின் இசை கேட்டது.

“வந்துடுச்சு மாப்பிள்ளை. மூக்குத்தி மின்னறதுகூடத் தெரியுது. அப்படியே இருங்க, அசையாதீங்க.”

இந்த நிலையிலும் அவருக்கு ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அப்படியே இருப்பது என்றால் என்ன என்று புரிந்தது. காற்று ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் இழுத்தார். தோள் கடுத்தது. நீதிபதி யாரையோ அமைதி, அமைதி என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவியைக் கூப்பிட்டார். நட்டு கழண்டு விழுந்துவிட்டது, எங்கேயாவது கிடக்கிறதா பார் என்று கத்தினார். ஏணி கிரீச்சிட்டது. கூரை விளிம்பில் மனைவியின் தலை தெரிந்தது. தலையில் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் நட்டு.

“இதுவா?” என்றாள்.

“அதுதான், குடு.”

அவள் கொடுக்கவில்லை. அவர் நனைந்த கண்ணாடியைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளிகளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

“கம்பத்துல ஒரு சிவப்புக் கோடு இருக்கே. உங்க கடைப் பென்சில்தானே?”

“எந்தக் கோடு?”

“தண்ணித் தொட்டி பார்க்க வந்தப்ப பார்த்தேன். படம் நின்ன அன்னைக்கே.”

கண்ணாடிக்காரர் டிஷ்ஷை இன்னும் இறுக்கிக்கொண்டார். அதற்குப் பின்னால் ஒளிய முடியுமானால் ஒளிந்திருப்பார். காற்று ஒரு தடவை ஓங்கி அறைந்தது. டிஷ்ஷோடு அவரும் ஒரு சாண் நகர்ந்தார்.

“நட்டைக் குடு. கீழ ஆளுங்க போறாங்க.”

“குடுக்கறேங்க. நான் எதுவும் கேக்கப் போறதில்ல. அம்மாகிட்ட அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க.”

“கீழே வந்து சொல்றேன்.”

“கீழே வந்தா ஃபிரிட்ஜைத் திறப்பீங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பைக்கு அடியிலிருந்து தண்ணீர் அவள் நெற்றியில் வழிந்தது. ஏணியின் மேல்படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு நின்றாள், அந்தக் கை சில்லிட்டு வெளுத்திருந்தது. விளையாட்டாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அம்மா தனியாக விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று அவள் ஒருநாள் கேட்டது காதில் விழாததுபோல் இருந்துவிட்டது நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாள் போட்ட அறை அந்த மழையில் எங்கோ தூரமாகத் தெரிந்தது.

“அத்தை,” என்று கத்தினார், “நீங்க இங்கேயே இருந்துடுங்க.”

கீழே நீதிபதியின் குரல் தணிந்தது. யாரோ சத்தத்தைக் குறைத்திருக்க வேண்டும்.

“லைன் சரியா இல்ல மாப்பிள்ளை. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினார். இனிமேல் இதுதான் உங்கள் வீடு, எங்கேயும் போகக் கூடாது, பின்னறை உங்களுடையது என்று, ஆரம்பித்துவிட்டதால் நிறுத்தத் தெரியாமல் கூடவே நிறையச் சொல்லிவிட்டார். சந்தில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியை வாசலுக்குக் கூப்பிட்டு, மழையில் கூரைமேல் ஏறி நின்று மாமியாரை இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிற மனிதரைச் சுட்டிக்காட்டினார். அந்த அம்மாள் தன் கணவரை ஒரு பார்வை பார்த்தது மேலேயிருந்தே தெரிந்தது.

“இவ்வளவு தூரம் நீங்க சொல்றப்ப நான் எப்படி மாட்டேங்கறது,” என்று பதில் வந்தது.

மனைவி நட்டைக் கொடுத்தாள். பட்டையைச் சேர்த்துப் பிடித்தும் கொடுத்தாள். அவர் ஸ்பேனரைத் தேடி எடுத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். டிஷ் ஆடாமல் நின்றது. அவள் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல ஏணியில் இறங்கினார்.

கூடத்துக்குள் வந்தபோது உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. டிவியில் நீதிபதி தெளிவாக இருந்தாள், ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. அறை போனது போகட்டும், வார்த்தை போனது போகட்டும், இந்தப் படம் தன் கையால் வந்தது என்று அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. மெக்கானிக் வந்திருந்தால்கூட இவ்வளவு துல்லியமாக நிறுத்தியிருக்க மாட்டான் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிவதற்காகச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற பால்கனிக் கதவைத் திறந்தார். அது துணி காயப்போடுகிற பால்கனி. கல்யாணமானதிலிருந்து அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கைப்பிடிக் கம்பியில், மழை படாத மூலையில், புத்தம் புது டிஷ் ஒன்று ஆகாயத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி, சுவரோரமாகவே போய், கூடத்து ஜன்னலுக்குள் நுழைந்தது.

சட்டையைப் பிழியாமலே திரும்பி வந்தார். படம் நின்ற மறுநாளே மெக்கானிக் வந்து போட்டுவிட்டுப் போனதாக மாமியார் விளம்பர இடைவேளையில் நிதானமாகச் சொன்னார். சீரியலை மறுநாள் மதியம் திரும்பப் போடுவார்களாம், எதையும் தவறவிடவில்லையாம். மாலையில் மட்டும் மாப்பிள்ளை வருகிற நேரம் பார்த்து வயரைக் கழற்றிவிடுவார்களாம். டிவி ஓடினால் மாப்பிள்ளை பேச மாட்டாரே.

“அப்ப நான் மேல பிடிச்சுக்கிட்டிருந்தது?” என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

“அதோட வயரை அன்னைக்கே பிடுங்கிட்டோங்க.”